நைட் ஷிப்ட் வீடு

சமத்தாம், சமத்து. பக்கத்து வீட்டு ராமலட்சுமி மதினி இப்பத்தான் உள்ள வந்து, தொட்டில் சேலையை ரெண்டு விரலால விலக்கி எட்டிப் பாத்துட்டு, "எம்புட்டுச் சமத்து பாரேன், பிள்ளை இருக்கிற வீடு மாதிரியா இருக்கு"ன்னு குசுகுசுன்னு சொல்லிட்டுப் போறா. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு வா மதினி, வந்து உன் சமத்தைத் தூக்கிட்டு நடன்னு சொல்லிருக்கணும். சொல்லல. பல்லைக் காட்டினேன். பகல்ல வர்றவ அத்தனை பேரும் இதைத்தான் சொல்றா, ஏன்னா பகல்ல வர்றவளுக்குத் தூங்குற பிள்ளையைத்தான் தெரியும். மணி ரெண்டே முக்கால். வெளிய கோவில்பட்டி வெயில் மண்டையப் பிளக்குது, உள்ள லைட்டைப் போட்டாத்தான் கை தெரியும். ஜன்னல் ரெண்டையும் சாத்தி, அதுக்கு மேல மில்லுல குடுத்த கெட்டித் துணியை ஆணி அடிச்சு மாட்டியிருக்கு. எல்லாம் அத்தானுக்காக. எங்க அக்கா செண்பகத்தோட வீட்டுக்காரர். ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிப்ட், பதினொரு வருஷமா நைட் ஷிப்ட் மட்டும். காலையில எட்டரைக்கு வருவாரு, ஒரு குளியல், நாலு இட்லி, ஒம்பதரைக்குப் படுத்தா சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் எந்திரிப்பாரு. அதுவரைக்கும் இந்த வீட்டுக்கு ராத்திரி. காலிங் பெல் வயரை அறுத்து விட்டாச்சு. குக்கர் விசில் அடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா அக்கா ஓடிப் போய்க் கரண்டியால வெயிட்டைத் தூக்கிவிட்டு ஆவியை இறக்கிருவா. மிக்ஸி அஞ்சு மணிக்கு மேலதான். கீரைக்காரம்மா கூட இந்த வாசல் வந்தா வாயை மூடிக்கிட்டுத் தாண்டிப் போயி அடுத்த வீட்டுல இருந்துதான் கூவ ஆரம்பிப்பா. ஆஸ்பத்திரியில இருந்து நான் பாப்பாவோட இங்க வந்து இறங்கின அன்னைக்கு அக்கா சொன்ன முதல் வார்த்தை, "ஏட்டி, செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கோ." எடுத்துக்கிட்டேன்.

அக்காவைத் திட்டக் கூடாது. திட்டினா நாக்கு அழுகிரும். அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு, தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடுன்னு போக எனக்கு வீடு கிடையாது. "நான் என்ன செத்தா போயிட்டேன், கனி என் வீட்டுக்குத்தான் வருவா"ன்னு என் மாமியார்கிட்ட போன்ல மல்லுக்கு நின்னு கூட்டிட்டு வந்தவ அவ. பிரசவ வார்டு வாசல்ல ராப்பகலா நின்னவ அவ. என் ரத்தத் துணியை மூஞ்சி சுளிக்காம அலசினவ அவ. அதுக்காக? அதுக்காக என் வாயைத் தைச்சுக்கணுமா? நன்றி இருக்கு, வயிறு நிறைய இருக்கு, அதுக்கு மேல கோவமும் இருக்கு, ரெண்டும் ஒரே வயித்துலதான் கிடக்கு, ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கிட்டு. அக்காவோட பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளியூர் ஹாஸ்டல்ல, அதனால வீட்ல நாலே பேரு. அத்தான் பகல்ல தூங்குவாரு. பாப்பா பகல்ல தூங்குவா. அக்கா, அத்தான் பத்தே காலுக்கு டிபன் கேரியரை வண்டியில மாட்டிக்கிட்டுக் கிளம்பினதும் பாயை விரிச்சு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிருவா. மிச்சம் நான். அஞ்சு மணிக்கு மிக்ஸியில தொடங்கினா பத்தே கால் வரைக்கும் இந்த வீட்ல பண்ண வேண்டிய சத்தம் எல்லாத்தையும் சேத்து வச்சுப் பண்ணுவாங்க, கிரைண்டர், டிவி, அத்தான் தொண்டையைச் செருமுறது, துணி அடிச்சுத் துவைக்கிறது. அதுல என் மக கண்ணைத் திறப்பா. திறந்தா திறந்ததுதான். பதினொண்ணு, பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு. பால் குடுத்தா குடிக்கா, குடிச்சுட்டு அழுறா, தோள்ல போட்டா நிறுத்துறா, உக்காந்தா அழுறா. நான் உக்காந்தது அவளுக்கு எப்படித் தெரியுது? இந்த ஹால்ல சுவத்துக்குச் சுவரு பதினாலு எட்டு. எத்தனை ஆயிரம் தடவை. என் புருஷன் தினகரன் ஓசூர்ல கம்பெனி குவார்ட்டர்ஸ்ல படுத்துக்கிட்டு, "அவ தூங்கும்போது நீயும் தூங்கு கனி, சிம்பிள்"ங்கறாரு. சிம்பிளாம். கேட்டதும் போனைச் சுவத்துல எறியணும் போல இருந்துச்சு. பகல்ல நான் படுத்தா பிள்ளை பாக்க ஒவ்வொருத்தியா வர்றா, எந்திரிச்சு உக்காரணும், நைட்டி மேல துண்டைப் போடணும், சிரிக்கணும். யாரும் வரலைன்னாலும் இந்த இருட்டுல கண்ணை மூடினா தூக்கம் வர மாட்டேங்குது, இப்ப அழுவாளோ, இப்ப அழுவாளோன்னு காது மட்டும் முழிச்சுக்கிட்டே கிடக்கு. அவ அழ மாட்டா. பகல்ல அவ அழவே மாட்டா.

புதன்கிழமை ஒன்றரை மாச ஊசி போடப் போயிருந்தப்ப சிஸ்டர் கிட்டச் சொன்னேன். நான் ஒண்ணும் பெருசா சொல்லல, "ராத்திரி தூங்க மாட்டேங்குறா சிஸ்டர்"னு மட்டும்தான் சொன்னேன். அந்தம்மா அட்டையில எழுதிக்கிட்டே நிமிரக் கூட இல்ல. "வயித்துக்குள்ள பகல் ஏது ராத்திரி ஏது. அதுக்குத் தெரியாதும்மா, நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். பகல்ல வெளிச்சத்துல போடுங்க, வீட்டுச் சத்தம் பாட்டுக்கு இருக்கட்டும், பேசுங்க. ராத்திரி இருட்டு, பேச்சு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா பழகும்." இவ்வளவுதான். அப்ப என் மக ஒண்ணும் தப்பாப் படிக்கலையே. இந்த வீடு என்ன சொல்லிக் குடுத்துச்சோ அதை எழுத்துக் கூட்டிச் சரியாத்தான படிச்சிருக்கா. இருட்டா இருக்கா, சத்தம் இல்லையா, எல்லாரும் குசுகுசுன்னு பேசுறாங்களா, அப்ப ராத்திரி. லைட் எரியுதா, மிக்ஸி ஓடுதா, அம்மா தோள்ல போட்டுக்கிட்டு நடக்காளா, அப்ப பகல். இது தெரியாம அவளைப் போய் ராத்திரியில, ச்சீ சனியனேன்னு நான் வஞ்சிருக்கேன். நாப்பத்தெட்டு நாள் பிள்ளையை. அதோட விட்டாளா அந்த சிஸ்டர், "எதும் உரைச்சுக் குடுக்கீங்களா, ஜாதிக்காய் அது இதுன்னு"ன்னு கேட்டா. பக்கத்துல அக்கா நிக்கா. "இல்ல சிஸ்டர்"னுட்டேன். வாய் கூசாம. தினமும் காலையில எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, உரைகல்லுல சுக்கு ஒரு இழைப்பு, மாசிக்காய் ஒரு இழைப்பு, ஜாதிக்காய் ஒரு இழைப்புன்னு தாய்ப்பால்ல குழைச்சு அக்கா நாக்குல தடவுறா. எல்லா வீட்லயும் குடுக்கிறதுதானேன்னு விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில கதவுப் பக்கம் நின்னு எண்ணினேன். சுக்கு ஒண்ணு. மாசிக்காய் ஒண்ணு. தூக்கத்துக்குக் குடுக்கிற ஜாதிக்காய் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு இழைப்பு. என் கையால தடுத்திருக்கணும். தடுக்கல. எண்ணிட்டு உள்ள வந்து உக்காந்துட்டேன். அக்காகிட்ட வாங்கித் தின்ன சோறு வாயை அடைக்குது, வேற என்ன.

நேத்து ராத்திரி. வேணாம். அதை நினைக்க வேணாம்னுதான் காலையில இருந்து துவைச்ச துணியையே எடுத்துத் திரும்ப மடிச்சுக்கிட்டு இருக்கேன். நாலாவது தடவை இந்த ஜட்டியை மடிக்கேன். நேத்து ராத்திரி மூணு மணி இருக்கும். பாய்ல படுத்துப் பால் குடுத்தா அசந்துருவேன்னு பயந்து சேர்ல உக்காந்தேன். கை வச்ச பிளாஸ்டிக் சேர். பயந்துதான் உக்காந்தேன், கவனமாத்தான் உக்காந்தேன், யாராவது கேட்டா இதைச் சொல்லணும். யாரு கேக்கப் போறா. அவ ஒரு மணி நேரமா அழுதுக்கிட்டே குடிக்கா, குடிச்சுக்கிட்டே அழுறா, என் தலை முன்னால விழுது, நிமிர்றேன், விழுது. கால் விரலைத் தரையில அழுத்தி அழுத்தி முழிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குக் காலையில சாம்பார்ல உப்பு இல்லைன்னு அத்தான் சைகை காட்டினாரு, நான் எந்திரிச்சு உப்பு எடுத்துக் குடுத்தேன், நேத்து ராத்திரி அப்படி நடந்திருக்கு, இன்னைக்கு நான் உப்பு எடுத்துக் குடுக்கேன். சத்தம் நின்னுச்சு. அதுதான் விஷயம். அவ அழுகை நின்னுச்சு, அது நின்னது எனக்குத் தெரியும், தூக்கத்துக்குள்ள இருந்தே தெரியும். அப்பாடா, தூங்கிட்டான்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்துச்சு. உடம்பு பூரா இறங்குச்சு அந்தச் சந்தோஷம், எனக்குப் பிள்ளை பொறந்ததுல இருந்து அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்ல. எவ்வளவு நேரம்னு தெரியாது. கண்ணைத் திறந்தா மடியில பிள்ளை இல்ல. என் தொடைக்கும் சேர் கைக்கும் நடுவுல சரிஞ்சு போய்க் கிடக்கா, மூஞ்சி பூரா என் நைட்டிக்குள்ள புதைஞ்சு. இழுத்துத் தூக்கினேன், தலை தொங்குச்சு. முதுகுல தட்டினேன். இன்னொரு தடவை தட்டினேன். அப்புறம் ஒரு மூச்சை இழுத்தா, உள்ள இருந்து, சின்ன உடம்பு அத்தனையும் சேந்து இழுத்துச்சு, அதுக்கப்புறம் கத்தினா. நான் என்ன பண்ணேன் தெரியுமா. அவ வாய்ல கை வச்சு மெதுவா, மெதுவான்னேன். இந்த வீட்டுப் புத்தி. அத்தான் மில்லுல இருக்காரு, வீட்லயே இல்ல, யாருக்காக மெதுவா? இன்னைக்கும் ராத்திரி வரும். அஞ்சு மணிக்கு மிக்ஸி ஓடும், இவ முழிப்பா, மூணு மணி வரும், அந்தச் சேர் அங்கேயே கிடக்கும். நான் இன்னைக்கும் அசந்துருவேன். எனக்குத் தெரியும், சத்தியமாத் தெரியும், நேத்தை விட இன்னைக்கு எனக்குத் தெம்பு கம்மி.

அப்ப இப்ப எழுப்பணும். இப்பவே. தொட்டில் பக்கத்துல போய் நின்னேன். தூங்குற பிள்ளையை எழுப்பாதன்னு ஊரே சொல்லும், சொல்லட்டும், ஊரா வந்து மூணு மணிக்கு நடக்குது? முதல்ல ஜன்னல். துணியோட ஓரத்தைப் பிடிச்சு இழுத்தேன், ஆணி வரல, பல்லைக் கடிச்சு இழுத்தேன், ரெண்டு ஆணியும் துணியுமா கையோட வந்துச்சு. ஜன்னல் கதவைத் தள்ளினேன். வெயில் பொத்துன்னு தொட்டில் மேல விழுந்துச்சு. தெருவுல யாரோ ஆட்டோவை உதைச்சு ஸ்டார்ட் பண்றான், பண்ணுடா, நல்லா பண்ணு. பாப்பா மூஞ்சியில வெயில் படுது, இமை கூட அசையல. சேலையில இருந்து தூக்கினேன், சூடா, தொளதொளன்னு கிடக்கா. உள்ளங்காலைத் தேச்சேன். பாப்பா, எந்திரி. காது மடலைச் சுண்டினேன். ஒண்ணும் இல்ல. நாலு இழைப்பு. மார்ல கை வச்சுப் பாத்தேன், மூச்சு இருக்கு, இருக்கா, இருக்கு. நேத்து தொங்கின தலை மாதிரியே இப்பவும் தொங்குது. சட்டையைக் கழட்டினேன், துண்டைத் தண்ணியில முக்கிக் காலைத் துடைச்சேன், எந்திரிடி, எந்திரிடின்னு, அழுடி, அழு. ஒரு கால் மடங்குச்சு. மூஞ்சி சுருங்குச்சு. வாய் திறந்துச்சு, சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் போல ஆச்சு, அப்புறம் வீறுன்னு கத்தினா பாருங்க, நட்டநடுப் பகல்ல, அந்த வீட்ல பதினொரு வருஷத்துல யாரும் போடாத சத்தம். அக்கா அடுப்படியில இருந்து பறந்து வந்தா, கையில மாவு. வந்தவ குழந்தையைப் பாக்கல, ஜன்னலைப் பாத்தா, அத்தான் ரூம் கதவைப் பாத்தா. "என்னட்டி பண்ற, கிறுக்குப் பிடிச்சிருச்சா, சாத்து, முதல்ல அதைச் சாத்து." எல்லாம் காத்துதான், குரல் கிடையாது. நானும் காத்துலயே, "சாத்த முடியாது. என் பிள்ளைக்கு வெளிச்சம் வேணும்." "அவரு எந்திரிச்சுருவாரு." "எந்திரிக்கட்டும். நாலு இழைப்பு உரைச்சியே காலையில, யாருக்கு உரைச்ச? என் பிள்ளைக்கா, உன் புருஷனுக்கா?" பாப்பா நடுவுல கத்திக்கிட்டு இருக்கா, நாங்க ரெண்டு பேரும் அவளுக்கு மேல குனிஞ்சு நின்னு ஊமைங்க மாதிரி சண்டை போடுறோம். "ஆமாட்டி, அவருக்குத்தான். போன வருஷம் இவரு பக்கத்து மிஷின்ல ஒரு ஆளு கண்ணு சொருகி நாலு விரலைக் குடுத்தான். எனக்கு என் புருஷன் கை வேணும். ஒரு பிள்ளை ரெண்டு மணி நேரம் கூடுதலாத் தூங்கினா என்ன கெட்டுப் போச்சு உனக்கு?"

என்ன கெட்டுப் போச்சா. அங்கதான் எனக்குக் குரல் வந்துச்சு. எங்க இருந்துச்சோ இத்தனை நாள், முழுக் குரல், தெரு வரைக்கும் போற குரல். "நேத்து ராத்திரி இவ செத்துப் போகப் பாத்தா." அக்கா மாவுக் கையோட பாய்ஞ்சு என் வாயைப் பொத்த வந்தா. தட்டி விட்டேன். அந்த வேகத்துல ஸ்டூல் உருண்டு, மேல இருந்த எவர்சில்வர் செம்பு தரையில விழுந்து அலறிக்கிட்டே ரூம் கதவு வரைக்கும் உருண்டு போச்சு. ரெண்டு பேரும் உறைஞ்சு போய் நின்னோம். கதவையே பாக்குறோம். இப்பத் திறக்கும், இப்பத் திறக்கும். திறக்கல. உள்ள டேபிள் ஃபேன் சுத்துற சத்தம், அது கூட குறட்டை, மேடு பள்ளம் இல்லாம, நிதானமா. அக்கா மெதுவாப் போய்க் கதவைத் தள்ளிப் பாத்தா. பாப்பா இன்னும் கத்துறா. அத்தான் மல்லாக்கப் படுத்து வாயைத் திறந்து போட்டுத் தூங்குறாரு. மில்லுல அந்த மிஷினுக்கு நடுவுல ஒருத்தருக்கொருத்தர் கைச்சாடையிலதான் பேசிக்குவாங்களாம், அத்தனை வருஷம் அந்தச் சத்தத்துல நின்ன காது இதுக்கா எந்திரிக்கும். யாராவது ஒருநாள், ஒரே ஒரு நாள், ஒரு கரண்டியைக் கீழ போட்டுப் பாத்தோமா? எனக்கு சிரிப்பு வந்துச்சு, கெட்ட சிரிப்பு. யாருக்காக செருப்பைக் கையில தூக்கினேன், யாருக்காக நாலு இழைப்பு. "பாத்துக்கோ, நல்லாப் பாத்துக்கோ"ன்னு கத்தினேன், அப்புறம் மிச்சத்தையும் சொன்னேன், நிறுத்த முடியல. சேர்ல உக்காந்தது, அசந்தது, தொடைக்கும் சேருக்கும் நடுவுல மூஞ்சி புதைஞ்சு கிடந்தது, தலை தொங்கினது. "அழுகை நின்னப்ப நான் சந்தோஷப்பட்டேன்க்கா. அவ மூச்சு நின்னு கிடக்கா, நான் அப்பாடான்னு தூங்குறேன்." இதைச் சொல்லிட்டுப் பாப்பாவோட தரையில உக்காந்துட்டேன். இனி அவ திட்டட்டும், நீயெல்லாம் ஒரு தாயான்னு கேக்கட்டும், அதைத்தான் காலையில இருந்து எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். அக்கா என் முன்னால வந்து குத்த வச்சா. பாப்பாவை என் கையில இருந்து வாங்கி வெயில் பக்கமாத் திருப்பி மூஞ்சியைப் பாத்தா, மூக்கைத் தொட்டுப் பாத்தா. பாப்பா அழுகையை நிறுத்திட்டு வெளிச்சத்தைப் பாத்துக் கண்ணைச் சுருக்குறா. "நான் பத்தடி தள்ளித்தானட்டி படுத்துக் கிடந்தேன்"ன்னா அக்கா. முழுக் குரல்ல. அவ முழுக் குரல் எப்படி இருக்கும்னே நான் மறந்து போயிருந்தேன். "ஏன் என்னை எழுப்பல?" பதில் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். இத்தனை கோவத்துக்குள்ள இதுக்கு ஒரு பதில் கிடக்கும்னு நினைச்சேன், தேடுறேன், இல்ல. எழுப்பினா திட்டுவான்னு பயந்தேனா, இல்ல. பாவம், அலுத்துத் தூங்குறாளேன்னு விட்டேனா, அதுவும் இல்ல. நாப்பத்தி நாலு ராத்திரி அவளைச் சுத்திச் சுத்தி நடந்திருக்கேன், அவ காலைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன், குனிஞ்சு தோளைத் தொடலாம்னு ஒரு தடவை கூடத் தோணல. இந்த வீட்ல தூங்குறவங்களை எழுப்பக் கூடாதுன்னு பாப்பாவை விட நான்தான் நல்லாப் படிச்சிருக்கேன். "தோணலக்கா"ன்னேன். அக்கா மாவுக் கையாலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சா. "இன்னைக்கு எழுப்பு"ன்னா. "எந்திரிக்கலைன்னா மிதி."